கரி படியாத சாட்சி

“கற்பூரம் எரிஞ்சால் தட்டில என்ன படியும்?”

“கரி.”

“விறகு எரிஞ்சால்?”

“சாம்பல், புகை, பிறகு மனுசியின்ர ஏச்சு.”

“நான் சொல்லுற வாயு எரிஞ்சால் என்ன வரும், சொல்லும் பாப்பம்?”

“நீங்களே சொல்லுங்கோ மாஸ்டர்.”

“தண்ணி. வேற ஒண்டுமே இல்லை, வெறும் தண்ணி!”

கட்டுக்கலைப் பிள்ளையார் கோயில் வாசலில், செருப்புத் தேடிக்கொண்டு நின்றபோது நடந்த பேச்சு அது. விமலநாதன் சிரித்துக்கொண்டே, “அப்ப ஐயர் தீபம் காட்டின கையோட தீர்த்தமும் தந்திடலாம்,” என்றார். வேறு யாராக இருந்தாலும் கூடச் சிரித்திருப்பார்கள். கந்தையா மாஸ்டர் சிரிக்கவில்லை. ஒற்றைச் செருப்போடு நின்று யோசித்தார். “ஒரு கிலோ எரிஞ்சால் ஒன்பது லீற்றர் வரும். ஆனால் ஆவியாத்தான் வரும். குளிர வைச்சுப் பிடிக்கோணும். ஐயருக்குக் கரைச்சல்,” என்று முடிவு சொன்னார். தண்ணீருக்குள் மின்சாரத்தை விட்டால் ஐதரசன் பிரிந்து வரும், அதை எரித்தால் மறுபடி தண்ணீராகிவிடும், புகை கிடையாது, ஒரு காலத்தில் பஸ்ஸும் ரயிலும் கப்பலும் இதில்தான் ஓடும் என்று வாவிக்கரை வரை பேசிக்கொண்டே வந்தார்.

மாஸ்டரின் சுபாவம் அது. யார் எதைக் கேட்டாலும், விளையாட்டுக்குக் கேட்டாலும், உண்மையான பதிலைத்தான் சொல்வார். பள்ளிக்கூடத்தில் இரசாயனம் படிப்பிக்கிறவருக்கு அது அழகுதான். தொண்ணூற்று மூன்றாம் ஆண்டின் கண்டியில் ஒரு தமிழனுக்கு அது எவ்வளவு பெரிய ஆபத்து என்று அன்றைக்கு விமலநாதன் நினைத்துப் பார்க்கவில்லை.

இன்று மாஸ்டர் பொலிஸ் கூட்டுக்குள் இருந்தார்.

“சேர், டீ ஆறிப் போகுது,” என்றான் றிஸ்வி.

கண்டியின் திருகோணமலை வீதியில் ஒரு தையல் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அவர்களுடைய அலுவலகம். வாசல் பலகையில் ‘தட்டெழுத்துப் பயிற்சி நிலையம்’ என்று எழுதியிருக்கும். துப்பறியும் நிலையம் என்று உள்ளதை உள்ளபடி போட்டால் பொலிஸ்காரர்கள்தான் முதல் வாடிக்கையாளர்களாக வருவார்கள் என்று பலகையை மாற்றியவன் உதவியாளன் றிஸ்விதான். தட்டெழுத்து என்று போட்டால் பொம்பிளைப் பிள்ளைகள் வருவார்கள் என்றும் சொல்லியிருந்தான். அது மட்டும் இன்னும் பலிக்கவில்லை.

விமலநாதன் முன்பு ஒரு காப்புறுதிக் கம்பனிக்காகத் தீப்பிடித்த கடைகளைப் பார்வையிட்டு அறிக்கை எழுதியவர். கரி படிந்த விதத்தைப் பார்த்தே நெருப்பு எங்கே தொடங்கியது, யார் வைத்தது என்று சொல்லிவிடுவார். எண்பத்து மூன்றில் கடைகள் வரிசையாக எரிந்தபோது யார் வைத்தது என்று அவருக்கு நன்றாகவே தெரிந்தது. கேட்பதற்குத்தான் ஆளில்லை. அதோடு அந்த வேலையை விட்டார்.

எதிர்க் கதிரையில் மாஸ்டரின் மனைவி கமலாசனி ஒரு பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“பொலிஸ் வீட்டைச் சோதிக்கேக்க, இவர் அந்த வாயுவை அடைச்சு வைச்ச சிலிண்டர் அலுமாரிக்குள்ள இருந்தது அண்ணை. ‘இது வெடிக்குமா’ எண்டு பொலிஸ்காரன் கேட்டான். வேற ஆரும் எண்டால் இல்லையெண்டு சொல்லியிருப்பினம். இவர், ‘காத்தோட கலந்தால் வெடிக்கும்’ எண்டு வடிவா விளங்கப்படுத்தினார்.”

“சிங்களத்திலயோ?”

“சிங்களத்திலதான். கரும்பலகை இருந்திருந்தால் படமும் கீறிக் காட்டியிருப்பார்.”

பொலிஸ்காரன் நம்பவில்லை. சிலிண்டரின் வாயைத் திருகி நெருப்புக்குச்சி காட்டிப் பார்த்தான். ‘டப்’ என்று ஒரு சத்தம். அவனுடைய இரண்டு புருவமும் போய்விட்டன.

“அந்தாளுக்குப் புருவம் போன, மாஸ்டர் கூட்டுக்குள்ள போன,” என்றான் றிஸ்வி. சொன்ன பிறகுதான் கமலாசனியின் முகத்தைப் பார்த்தான். “மன்னிச்சுக்கொள்ளுங்க அக்கா. என்ட வாய் எப்பவும் எனக்கு முந்திப் போகுது.”

விமலநாதன் காலையிலேயே பொலிஸ் நிலையத்துக்குப் போய் வந்துவிட்டார். இன்ஸ்பெக்டர் ஏக்கநாயக்க பழைய பழக்கம். மோசமான மனிதரல்ல. தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. சிங்களத்தில் சுருக்கமாகச் சொல்லிவிட்டார். “தண்ணீரிலிருந்து காஸ் எடுத்து அடுப்பெரிக்கிறார் என்று எழுதினால் மேலிடத்தில் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். அந்தச் சாமானைக் கொண்டுவந்து என் கண் முன்னால் எரித்துக் காட்டுங்கள். அடுப்புக்கு மட்டும்தான் என்று அவர் தன் வாயால் சொல்லட்டும். நானே விட்டுவிடுகிறேன். ஆனால் பின்னேரம் கொழும்பிலிருந்து வான் வருகிறது. அதில் ஏற்றிவிட்டால் என் கையில் ஒன்றுமில்லை.”

அந்த வானைப் பற்றிக் கண்டியில் எல்லாத் தமிழ் வீட்டுக்கும் தெரியும். அதில் ஏறியவர்கள் உயிரோடு எங்கே இருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதற்கே வீட்டார் மாதக்கணக்காக அலைந்தார்கள்.

சாமான் எங்கே இருக்கிறது? அதை மாஸ்டர் சொல்லவில்லை. கம்பிக்குள்ளிருந்து விமலநாதனிடம் சொன்னது இவ்வளவுதான்: “இடத்தைச் சொன்னால் அங்க இருக்கிற சனத்தையும் அள்ளிக்கொண்டு போவினம். பொய்யும் சொல்ல ஏலாது. அதால பேசாமல் இருக்கிறன்.”

“சனிக்கிழமையில எங்கையோ போறவர் எண்டனீங்கள். எங்கை தங்கச்சி?” விமலநாதன் கேட்டார்.

“தெரியாது. நான் கேக்கேல்லை.”

“ஏன்?”

“கேட்டால் உண்மையைச் சொல்லிப்போடுவாரெண்டு பயம்.”

றிஸ்வி டீயை அவள் பக்கம் நகர்த்தி வைத்தான்.

“எண்பத்து மூண்டில நாங்கள் மாத்தளையில இருந்தனாங்கள்,” என்றாள் கமலாசனி. “கேற்றடியில ஒரு கூட்டம் வந்து நிண்டது. பக்கத்து வீட்டுச் சிங்கள நோனா ஓடிவந்து, இது எங்கட ஆக்கள் எண்டு சொல்லிக்கொண்டு நிண்டவ. நான் பொட்டை அழிச்சுப்போட்டு உள்ளுக்கு நிண்டன். அவையள் திரும்பிப் போகப் பாத்தவை அண்ணை. அதில ஒருத்தன் சும்மா இவரைப் பாத்து, ‘தெமளத?’ எண்டு கேட்டான். இவர் ‘ஓம், தமிழர்’ எண்டார்.” அவள் பையின் வாரைத் திருகினாள். “பின்பக்கத்தால ஓடி உயிர் தப்பினது. உடுத்த உடுப்போட.”

“பிறகு நீங்கள் அவரிட்ட ஒண்டும் சொல்லேல்லையோ?”

“என்னத்தைச் சொல்லுறது? நல்ல மனுசன்.”

அதோடு அந்தப் பேச்சை நிறுத்திவிட்டு, பையிலிருந்து ஒரு சேட்டை எடுத்து மேசையில் விரித்தாள். “உங்களுக்கு இது உதவுமோ தெரியாது. சனிக்கிழமையில போட்டுக்கொண்டு போற சேட்டு. கழட்டேக்க முழுசா இருக்கும். தோய்ச்சுக் காயப்போட்டால் இப்பிடி வருகுது.”

நெஞ்சிலும் கையிலும் குண்டூசித் தலையளவில் ஓட்டைகள்.

“கரப்பான் சேர்,” என்றான் றிஸ்வி.

“சனிக்கிழமைச் சேட்டை மட்டும் தின்னுற கரப்பானோ?”

“கிழமைக்கு ஒருக்கா விருந்து சாப்புடுற மார்க்கமான கரப்பானா ஈக்கும்.”

விமலநாதன் சேட்டை யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். ஓட்டையின் விளிம்பு கருகவில்லை. நெருப்புப் பொறி பட்டிருந்தால் கருகியிருக்கும். தெறித்தபோது தெரியாமல், துவைக்கும்போது நூல் விட்டுப்போகிறது என்றால் ஒன்றுதான். “அசிட். பெட்டரிக்கு விடுற அசிட். றிஸ்வி, மாஸ்டர் டவுனில வாங்கியிருந்தால் பொலிஸ் எப்பவோ மோந்து பிடிச்சிருக்கும். டவுனுக்கு வெளியில பெட்டரிக் கடை எங்க இருக்கு?”

றிஸ்வியின் முகம் வாடியது. “மடவளையில. சனிக்கிழமையில மாஸ்டர் மடவளை பஸ்ஸில ஏறுறத நானும் கண்டீக்கிறேன். டியூசனாக்கும் எண்டு நெனச்ச.”

“அதுக்கேன் முகம் இப்பிடிப் போகுது?”

“கடை பளீல் மாமாட. ஒரு மக ஈக்கிறா. உள்ளுக்குப் போனா கலியாணத் தேதியோடதான் சேர் வெளிய விடுவார்.”

கமலாசனியைப் பொலிஸ் நிலையத்துக்குப் போய் இருக்கச் சொல்லிவிட்டு இருவரும் பஸ் ஏறினார்கள்.

மடவளைச் சந்தியில் பள்ளிவாசலுக்குப் பக்கத்துக் கடை. கரண்ட் இல்லாத ஊர்களிலிருந்து வந்த கார் பெட்டரிகள் சுவரோரமாக அடுக்கியிருந்தன. டெலிவிஷனில் நாடகம் பார்ப்பதற்காகச் சனங்கள் பெட்டரியைச் சுமந்து வந்து சார்ஜ் பண்ணிக்கொண்டு போவார்கள். மூடி திறந்த பெட்டரிகளுக்குள் கொதிக்கிற சோற்றுப் பானை போல ஒரு சத்தம்.

“வா மருமகனே!” என்றார் பளீல். “இப்பதான் மாமாவத் தெரிஞ்சதா? சேருக்குக் கதிர போடு. பீடி சிகரட் மட்டும் வேணாம் சேர். பெட்டரி பொங்கக்குள்ள நெருப்புக் காட்டினா டப்பெண்டு வெடிக்கும்.”

விமலநாதன் குனிந்து அந்தக் குமிழிகளைப் பார்த்தார். மாஸ்டரின் வாயு இதுதான். நாட்டில் உள்ள ஒவ்வொரு பெட்டரிக் கடையிலும் பட்டப்பகலில் வந்துகொண்டிருக்கிறது. ஒரு தமிழனின் அலுமாரிக்குள் இருந்ததால்தான் அது குண்டாகிவிட்டது.

“கந்தையா மாஸ்டர் இஞ்ச வாறவரோ?”

“அந்தாளா? எல்லாரும் மௌத்தான பெட்டரியக் கொண்டு வந்து உசிர் குடுங்க எண்டு செல்லுவாங்க. அவர் மட்டும் மௌத்தானதையே கேட்டு வாங்கிட்டுப் போவார். உள்ளுக்கு ஈக்கிற ஈயத் தகடு வேணுமாம். அசிட்டும் வாங்குவார்.”

“கொண்டு போறது எங்கை?”

“பன்வில பக்கம் போற லொறியில ஏத்துவார். அதுக்கங்கால தெரியா.”

பன்வில பக்கம் என்றால் எத்தனையோ தோட்டங்கள். ஒவ்வொன்றாகத் தேடினால் வான் வந்து போய்விடும். விமலநாதன் கடையைச் சுற்றிப் பார்த்தார். எல்லாச் சுவரோரமும் நிறைந்திருக்க, ஒரு மூலை மட்டும் தூசி படிந்து வெறுமையாகக் கிடந்தது.

“அந்த மூலை ஏன் சும்மா கிடக்கு நானா?”

பளீல் பெருமூச்சு விட்டார். “அது மடுல்கெல்லத் தோட்டத்து ஆக்கள்ட எடம். முந்தி கிழம தவறாம வருவாங்க. நோம்புக்குப் பொறகு ஒரு குருவியும் வாறல்ல.”

“தோட்டத்து லயத்து வீடுகளுக்குக் கரண்ட் வந்திட்டுதோ?”

“எங்க வாறது!”

“நாடகம் பாக்கிறதை விட்டிட்டினமோ?”

“நாடகத்த எவன் சேர் விடுவான்?” என்றான் றிஸ்வி. “எங்கட உம்மாவுக்கு நான் வீட்ட வராட்டியும் பரவாயில்ல, நாடகம் வரோணும்.”

“அப்ப மடுல்கெல்லையில ஆரோ பெட்டரிக்குச் சார்ஜ் குடுக்கினம். கரண்ட் இல்லாத ஊரில ஆரோ கரண்ட் எடுக்கினம். தண்ணியைப் பிரிக்கவும் கரண்ட்தான் வேணும்.” விமலநாதன் எழுந்தார். “மாஸ்டர் அங்கதான்.”

“அப்ப என்ட யாவாரத்தக் கெடுத்தது அந்த மாஸ்டரா!” பளீலுக்குக் கோபம் வந்தது. விஷயத்தைக் கேட்டதும் வந்த வேகத்திலேயே போயும் விட்டது. “அல்லாவே. அந்த அப்பாவி மனுசனையா?” மேசை இலாச்சியிலிருந்து வான் சாவியை எடுத்தார். நீட்டிய சாவியை றிஸ்வி தொடும்போது விடவில்லை. “ஞாயித்துக்கெழம பகல் சோத்துக்கு வீட்ட வரோணும்.”

“வாறேன் மாமா,” என்றான் றிஸ்வி, குர்பானுக்குக் கட்டிய ஆட்டைப் போல.

வத்துகாமம் தாண்டி, பன்வில தாண்டி, தேயிலைக்குள் வளைந்து ஏறியது வான். மடுல்கெல்லைத் தோட்டத்து லயத்தடியில் நிறுத்தியதும் விமலநாதன் ஒரு தந்திரம் செய்தார். மாஸ்டரைத் தெரியுமா என்று கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். பளீலின் கடையிலிருந்து ஏற்றிவந்த ஒரு வெறும் பெட்டரியை றிஸ்வியின் தோளில் தூக்கி வைத்தார்.

“அக்கா, இது செத்துப் போச்சு. எங்க குடுக்கிற?” என்றான் றிஸ்வி, பைப்படியில் நின்ற பெண்ணிடம்.

“கீழ ஓடைப் பக்கம் போங்க தம்பி. பழைய மிசின் காம்பரா இருக்கு. கறுப்பையா அண்ணன் போட்டுக் குடுப்பாரு. நாடகத்துக்கு முன்னாடி வேணும்னு சொல்லிருங்க.”

வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் தண்ணீரால் சில்லுச் சுற்றித் தேயிலைத் தொழிற்சாலைக்கு மின்சாரம் எடுத்த கல் கட்டடம் அது. தொழிற்சாலைக்கு அரசாங்கக் கரண்ட் வந்தபின் பாழாய்க் கிடந்தது. இப்போது உள்ளே சில்லு மெல்ல இரைந்துகொண்டிருந்தது. பாதிக் கூரைதான். உடைத்த பெட்டரிப் பெட்டிகளுக்குள் ஈயத் தகடுகள். அவற்றிலிருந்து குமிழி குமிழியாக எழுந்த வாயு குழாய் வழியாகப் போய் ஒரு லொறி டியூப்பை நிரப்பிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஓர் அடுப்பில் கேத்தல் கொதித்தது. நெருப்பே கண்ணுக்குத் தெரியவில்லை.

“யாருங்க?” என்று எழுந்தார் கறுப்பையா. மாஸ்டர் பிடிபட்ட செய்தியைக் கேட்டதும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

விமலநாதன் கேத்தலைத் தூக்கிக் கைக்குட்டையால் அடியைத் துடைத்தார். துணியில் ஒன்றும் ஒட்டவில்லை. கேத்தலின் அடி பளபளவென்றிருந்தது. அடுப்புக்கு மேலே சுவரில் மட்டும், யாரோ வேர்த்துப்போய்ச் சாய்ந்திருந்ததுபோல ஈரம். ஆயுள் முழுக்கக் கரியைச் சாட்சிக்கு அழைத்தவருக்கு இந்த நெருப்பு ஒரு சாட்சியையும் விட்டுவைக்கவில்லை. மாஸ்டர் சொன்னது அத்தனையும் உண்மை. அந்த மனிதரைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது அவருக்கு.

“முடிஞ்சு சேர்!” றிஸ்வி துள்ளினான். “அடுப்பையும் டியூப்பையும் வானில போடுவோம். இன்ஸ்பெக்டருக்கு ஒரு பிளேன்டி போட்டுக் குடுப்போம். மாஸ்டர் வீட்ட போவார். நான் மட்டும் ஞாயித்துக்கெழம மாட்டிக்கொள்ளுவேன்.”

திரும்பியவன் ஓரத்தில் இருந்த பீப்பாவில் கால் இடறிக்கொண்டான். விளிம்பு முழுக்க வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தான். “உப்பு சேர். என்னத்துக்கு இவ்வளவு உப்பு?”

கறுப்பையா வேறு பக்கம் பார்த்தார். “மாஸ்டரு கடையில இருந்த உப்பெல்லாம் வாங்கிட்டாருங்க. கருவாடு போடப் போறாருன்னு பொம்பளைங்க பேசிக்கிட்டாங்க.”

விமலநாதன் பீப்பாவைச் சுற்றி வந்தார். ஒரு பக்கத்து விளிம்பு மட்டும், பாரமான எதையோ இறுக்கிப் பூட்டிவைத்ததுபோல நசுங்கியிருந்தது. நிறைய உப்புத் தண்ணீர். இந்த மலை உச்சியில் ஒரு மனிதன் பீப்பாவுக்குள் கடலைக் கரைத்து வைத்திருக்கிறான். கப்பல் ஓடும் என்று வாவிக்கரையில் கேட்ட குரல் அவர் காதில் வந்து நின்றது.

“கறுப்பையா, இதில பூட்டி ஓட்டின சாமானைக் காட்டும்.”

“ஐயா…”

“காட்டும் அப்பன்.”

கறுப்பையா மூலையில் கிடந்த சாக்குகளை இழுத்தார். படகுக்குப் பூட்டுகிற எஞ்சின். பழையது. எண்ணெய்த் தாங்கியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ரப்பர் குழாய் பொருத்தியிருந்தது.

“நீர்கொழும்புல வாங்கியாந்தாருங்க. மாஸ்டரு தம்பிக்காரரு யாழ்ப்பாணத்துல, நாவாந்துறையாம், மீன் புடிக்கிறாராம். வடக்குக்கு மண்ணெண்ணெய் போக விடுறதில்லையாமே? துடுப்புப் போட்டுப் போட்டுத் தம்பிக்குக் கையெல்லாம் புண்ணாப் போச்சாம். ‘மண்ணெண்ணெய நிப்பாட்டலாம் கறுப்பையா, தண்ணிய எவன் நிப்பாட்டுவான்’னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு.”

வடக்குக்குப் படகு எஞ்சின். அதற்குத் தடை செய்ய முடியாத எரிபொருள். பிடித்தவர்களின் கண்ணில் அங்கே தம்பியும் இருக்க மாட்டான், மீனும் இருக்காது. கடலில் சண்டை பிடிக்கும் படகுகள்தான் இருக்கும். குண்டு செய்யவில்லை என்று காட்டுவதற்காக இவ்வளவு தூரம் ஓடிவந்து, குண்டைவிட மோசமான ஒன்றைக் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறோம் என்று விமலநாதன் நினைத்தார். தன் தொழிலின்மேலேயே அவருக்கு வெறுப்பு வந்தது.

“தூக்குங்க,” என்றான் றிஸ்வி மெதுவாக.

மூன்று பேருமாகத் தூக்கிக்கொண்டு போய், ஓடை ஆழமாகத் தேங்கிய இடத்தில் அதை இறக்கினார்கள். கறுப்பையா கடைசிவரை ஒரு கையை எடுக்கவில்லை. குழந்தையைக் குளிப்பாட்டுகிறவரைப் போலத்தான் தண்ணீருக்குள் விட்டார்.

“இந்த இடத்தைப் பற்றி நாங்கள் மூச்சு விடமாட்டம். எங்க எடுத்தது எண்டு கேட்டால் என்ர வீட்டில எண்டு சொல்லுறன்,” என்றார் விமலநாதன். “ஆனால் மாஸ்டரிட்டயும் கேப்பினம். அடுப்புக்கு மட்டுந்தானோ எண்டு கேப்பினம்.”

றிஸ்வி ஓடையைப் பார்த்துக்கொண்டிருந்தான். “எஞ்சின இதுல போட்டாச்சு. மாஸ்டர்ட வாய எந்த ஆத்துல சேர் போடுறது?”

திரும்பி வரும் வழியில் சோதனைச் சாவடியில் வானை மறித்தார்கள். அடையாள அட்டையில் பிறந்த ஊர் பருத்தித்துறை என்று கண்டதும் விமலநாதனை இறக்கி ஓரமாக நிற்கவைத்தார்கள். வாயில் சிகரட் புகைய ஒரு ஆமிக்காரன் வானுக்குள் தலையை விட்டான். ஊதிப் பெருத்துக் கிடந்த டியூப்பை ஒரு தட்டுத் தட்டினான். விமலநாதனால் நின்ற இடத்தை விட்டு ஓர் அடி எடுத்து வைக்க முடியாது. எடுத்து வைத்தால் சுடுவார்கள். வைக்காவிட்டால் எல்லாரும் சேர்ந்து எரிவார்கள்.

றிஸ்வி ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழாக்குறையாகச் சிங்களத்தில் முறையிட்டான். “சேர், இது மாமனாருடைய வான். சிகரட் மணம் பட்டால் என் கலியாணமே நின்றுபோகும். பெண் நல்ல வடிவு சேர்!”

ஆமிக்காரன் விழுந்து விழுந்து சிரித்தான். சிகரட்டை ரோட்டில் எறிந்து மிதித்தான். “போ போ. எனக்கும் அப்படி ஒரு மாமனார் இருக்கிறார்,” என்றான்.

வான் நகர்ந்தபின், “பெண் வடிவோ?” என்று விமலநாதன் கேட்டார்.

“பார்த்ததே இல்ல சேர்,” என்றான் றிஸ்வி.

பொலிஸ் நிலைய முற்றத்தில் கொழும்பு வான் வந்து நின்றது. எஞ்சினை நிறுத்தாமலே கரும்புகை கக்கிக்கொண்டிருந்தது. வாசல் மர வாங்கில் இருந்த கமலாசனியின் பக்கத்தில் விமலநாதன் உட்கார்ந்து, கண்டதையெல்லாம் காதோடு சொன்னார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“அப்ப இன்ஸ்பெக்டர் கேட்டால் இவர் சொல்லிப்போடுவார்.”

“ஓம் தங்கச்சி.”

“நீங்கள் சொல்லிப் பாருங்கோவன்.”

“காலமை சொல்லிப் பாத்தனான். என்ர சொல்லுக்கு மசியமாட்டார்.”

உள்ளே மேசையில் அடுப்பை வைத்து டியூப்பின் குழாயைப் பொருத்தினான் றிஸ்வி. புருவமில்லாத பொலிஸ்காரன் வாசலுக்கு வெளியே போய் நின்று எட்டிப் பார்த்தான். நெருப்புத் தெரியாத அடுப்பில் தண்ணீர் கொதித்தது. ஏக்கநாயக்க தானே கேத்தலைத் தூக்கிக் கைக்குட்டையால் அடியைத் துடைத்தார். துணியைப் பார்த்தார். மற்ற மூலையால் துடைத்து மறுபடி பார்த்தார். “என் மனைவி இதைக் கண்டால் என்னை வீட்டுக்குள் விடமாட்டாள்,” என்று சிரித்தார். கதவைத் திறந்து மாஸ்டரைக் கூட்டிவரச் சொன்னார்.

மாஸ்டர் சாரத்தோடு வந்தார். மூக்குக்கண்ணாடியின் ஒரு பக்கம் உடைந்திருந்தது. மேசையில் இருந்த அடுப்பைக் கண்டதும் முகம் மலர்ந்தது. பிறகு விமலநாதனைப் பார்த்தார். மலர்ந்த முகம் மெல்ல அடங்கியது. மடுல்கெல்லைக்குப் போய் வந்திருக்கிறார்கள் என்று அவருக்கு விளங்கிவிட்டது. எஞ்சினையும் கண்டிருப்பார்கள் என்றும் விளங்கிவிட்டது.

இன்ஸ்பெக்டர் பேனையைத் திறந்தார். வெளியே வானின் ஹோர்ன் ஒருமுறை அடித்தது.

“மாஸ்டர், நான் கண்ணால் பார்த்துவிட்டேன். ஒரே ஒரு கேள்விதான். இது அடுப்புக்கு மட்டும்தானே? வேறு எதற்கும் இல்லையே?”

மாஸ்டர் கண்ணாடியைச் சரிசெய்தார். வகுப்பில் பதில் சொல்வதற்கு முன் செய்வதுபோலத் தொண்டையைச் செருமினார். விமலநாதனுக்கு அந்தச் செருமல் நன்றாகத் தெரியும். பக்கத்தில் நின்ற றிஸ்வியின் கையைப் பிடித்துக்கொண்டார். பிடிக்க வேறு ஒன்றும் அவருக்கு இல்லை.

“இஞ்சருங்கோ.”

கமலாசனி வாசலில் நின்றாள். பொலிஸ்காரன் குறுக்கே நீட்டிய கையை அவள் கவனிக்கவே இல்லை. மாஸ்டர் திரும்பினார். அந்த அறையில் அவளுடைய தமிழ் விளங்கக்கூடியவர்கள் மூன்று பேர்தான். இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

“மாத்தளையில அண்டைக்கே கேட்டிருக்கோணும். கேக்கப்படாது, கேக்கப்படாது எண்டு பத்து வருஷமா வாயைப் பொத்திக்கொண்டு இருந்திட்டன்.” அவளுடைய குரல் உடையவில்லை. “எனக்காக இந்த ஒருக்காப் பொய் சொல்லுங்கோ.”